முகம் தெரியாத சொந்தங்கள்: தமிழ் வலைப்பதிவு வந்த கதை

இந்த வாரம் பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். பையனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லை. பையன் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறாளாம். அன்றைக்குப் பையன் என்ன செய்தான், எதற்கு அழுதான், எந்தச் சொல்லைப் பாதி சொன்னான் என்றெல்லாம் எழுதி இணையத்தில் போடுகிறாள். பதினோரு பதிவு ஆகிவிட்டது.

"யாருமே படிக்கறதில்லைங்க சார். என்னை மாதிரி இருக்கறவங்க எங்கியோ இருப்பாங்க இல்லீங்களா? அவங்களை எங்க போய்த் தேடறதுங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். யோசித்தபோது எனக்குக் கணினி சம்பந்தமான யோசனை எதுவும் வரவில்லை. பழைய கதைகள்தான் வந்தன. அவளுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கதையைப் பக்கத்து ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1935இல் சோமனூரில் பழனிச்சாமி என்று ஒருவர் பிறந்தார். கோவை ஞானி என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும். தமிழாசிரியர். 1971இல் கோயம்புத்தூரில் அவரும் புவியரசு, சிற்பி, அக்கினிபுத்திரன், முல்லை ஆதவன் போன்றவர்களும் சேர்ந்து 'வானம்பாடி' என்று ஒரு கவிதை இதழ் கொண்டுவந்தார்கள். 'விலையிலாக் கவிமடல்' என்று அதற்குப் பெயர். விலையே கிடையாது. அதைச் சுற்றியிருந்தவர்களில் நிறையப் பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ பாடம் நடத்தியவர்கள். அந்தக் கவிதைகளைப் பற்றி வாதப் பிரதிவாதம் நிறைய உண்டு, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தாள் செய்த வேலை. எங்கோ ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பையனுக்கு, 'நம்மளை மாதிரி இன்னும் ஆளுங்க இருக்காங்க' என்று அது காட்டியது.

ஞானிக்குப் பிற்பாடு சர்க்கரை நோயால் கண்பார்வை போய்விட்டது. வேறொருவராக இருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் அதற்குப் பிறகும் 'நிகழ்' நடத்தினார், 'தமிழ்நேயம்' நடத்தினார். மற்றவர்கள் படித்துக் காட்டுவார்கள், இவர் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். பெண்களுக்கென்று சிறுகதைப் போட்டி வைத்து, வந்த கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். அதுவரை கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2009ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவில் இருக்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. 2020 ஜூலை 22இல் காலமானார். கண் தெரியாத ஒருவர் அத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் இந்த மாதிரி வட்டத்துக்குள் வர, தபால்தலையும் விலாசமும் வேண்டும். அல்லது கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டும். கடல் கடந்து போனவர்களுக்கும், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும் அது எட்டாது. அந்தக் கதவை இணையம்தான் திறந்தது. அதுவும் தானாகத் திறந்துவிடவில்லை.

தமிழ் இணையத்துக்கு வந்த கதையிலும் முதல் வரிசையில் ஒரு வாத்தியார் இருக்கிறார். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 'கணியன்' என்ற தமிழ் மென்பொருள் அவர் முயற்சியில் வந்தது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடக்கவும் அவர்தான் முன்னால் நின்றார். 1999இல் இறந்துவிட்டார். அதே காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்து கொடுத்தார். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பழைய நூல்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் ஏற்றும் வேலை. காசு வாங்காமல் செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொரு தேசத்தில் இருப்பவர் பிழை திருத்தினார். ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

அன்றைக்குப் பெரிய தலைவலி எழுத்துரு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குறியீடு. அவர் எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் திரையில் கோழி கிளறிய மாதிரி ஏதோ தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. குறியீட்டுச் சண்டை முடிய, யூனிகோடு கணினிகளில் பரவும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' என்று யாகூ குழுமங்களில் கொஞ்சம் பேர் மின்னஞ்சல் வழியாக ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்கே இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 1999இல் அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற கல்லூரி மாணவர், தன் பள்ளிக்கூட சிநேகிதர்களுக்குத் தன் சேதி சொல்லிக்கொள்வதற்காக 'லைவ்ஜர்னல்' என்று ஒன்றைச் செய்தார். அது நாளடைவில் லட்சக்கணக்கானவர்கள் நாட்குறிப்பு எழுதும் இடமாகிவிட்டது. அதே வருஷம் 'பிளாகர்' வந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், யார் வேண்டுமானாலும் எழுதிப் பிரசுரிக்கலாம். அந்த 2003இல்தான் தமிழிலும் வலைப்பதிவுகள் தலைகாட்ட ஆரம்பித்தன.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். எழுத இடம் கிடைத்துவிட்டது. எழுதியதை யார் படிப்பது? நம் பெண் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு எழுதியவர்களுக்கும் அதே கேள்விதான். ஒருவர் டொராண்டோவில் எழுதுகிறார், ஒருவர் துபாயில், ஒருவர் திருச்சியில். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது.

சில பேர் வேலை மெனக்கெட்டு இதைச் சரிசெய்தார்கள். முகுந்தராஜும் தோழர்களும் 'எ-கலப்பை' செய்து இலவசமாகக் கொடுத்ததால், சாதாரண ஆள்கூட யூனிகோடில் தட்டச்சு செய்ய முடிந்தது. ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவி தந்தார். கனடாவிலிருந்து மதி கந்தசாமி, தமிழில் யார் யார் வலைப்பதிவு எழுதுகிறார்கள் என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டார். பட்டியல் போடுவது கேட்க அற்பமாக இருக்கும். வருகைப் பதிவேடு எழுதிய என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெயர் ஏறினால்தானே பிள்ளை வகுப்பில் இருப்பதாக அர்த்தம்? அவரே 'வலைப்பூ' என்று ஒரு கூட்டுப் பதிவும் நடத்தினார். வாரத்துக்கு ஒருவர் அதற்கு ஆசிரியர். அந்த வாரம் அவர் மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து, இது நன்றாயிருக்கிறது, அது நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தன்னுடையதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சுரதாவும் மதியும் ஈழத்தமிழர்கள் என்பதைக் கவனியுங்கள். ஊரைவிட்டுச் சிதறியவர்களுக்கு ஒன்றுசேர்வதன் அவசியம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

அப்புறம் 2004 ஆகஸ்ட். நம் கோயம்புத்தூர்க்காரர் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' தொடங்கினார். அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார். எழுதுவதற்குத்தான் ஏற்கெனவே இடம் இருந்ததே, இவர் செய்தது திரட்டி. பதிவு செய்துகொண்ட எல்லா வலைப்பதிவுகளிலும் புதிதாக என்ன வந்தது என்று எடுத்து ஒரே பக்கத்தில் நேரப்படி வரிசையாகக் காட்டும். யார் பதிவுக்குப் புதிதாகப் பின்னூட்டம் வந்திருக்கிறது என்றும் ஒரு பக்கமாகக் காட்டும். வாரத்துக்கு ஒருவர் 'நட்சத்திரப் பதிவர்'.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேர்பெற்ற எழுத்தாளர் எழுதியதும், நேற்று எழுதத் தொடங்கிய குடும்பப் பெண் எழுதியதும் ஒரே வரிசையில் வரும். யார் கடைசியாக எழுதினாரோ அவர் மேலே. ரேஷன் கடை வரிசை மாதிரி, ஆள் பார்த்து இடம் கிடையாது. இன்றைக்கு முகநூல் நமக்கு எதைக் காட்டுவது என்று அதுவாகத் தீர்மானிக்கிறது. ஏற்கெனவே நூறு பேர் விரும்பியதைத்தான் நூற்றியோராவது ஆளுக்கும் காட்டப் பார்க்கிறது. புதிதாக வந்தவரை யார் கண்ணிலும் காட்டுவதில்லை. நான் இந்தப் பதிவைப் போட்டால் உங்களில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதுகூட என் கையில் இல்லை.

நான் தமிழ்மணத்துக்குப் போனது 2007 வாக்கில். சோமனூர் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். தறிச்சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டி ஒரே ஒரு பதிவு எழுதினேன். ராத்திரி தறிக்குடோனில் அப்பா அம்மாவோடு தூங்கிவிட்டு, காலையில் வகுப்பில் சாமியாடும் பிள்ளைகளைப் பற்றி. மறுநாள் போய்ப் பார்த்தால் மூன்று பின்னூட்டம். அதில் ஒன்று மெல்போர்னிலிருந்து. 'நானும் அப்படி வகுப்பில் தூங்கியவன்தான் ஐயா. என்னை அடிக்காத ஒரு வாத்தியார் இருந்தார்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அப்படித் தூங்கிய ஒருவனை நான் அடித்திருந்தேன்.

பின்னூட்டத்தைக் கல்யாண மொய் மாதிரி என்று அப்போது கேலியாகச் சொல்வார்கள். நீ எனக்கு எழுதினால் நான் உனக்கு எழுதுவேன். உண்மைதான், அப்படியும் நடந்தது. இருந்தாலும் மொய் எழுதுகிற வீட்டில்தானே நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்பார்கள்?

நின்றார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இந்தியாவிலும் வெளியிலும் இருந்த பதிவர்கள் ஒன்று சேர்ந்து, எங்கே என்ன உதவி தேவை, காணாமல் போனவர் யார் என்ற தகவல்களைத் திரட்ட ஒரு வலைப்பதிவு தொடங்கினார்கள். மும்பையிலிருந்து பீட்டர் கிரிஃபின், டினா மேத்தா, ரோகித் குப்தா முன்னின்றார்கள். சில நாட்களிலேயே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அதைப் பார்த்தார்கள். தமிழில் 'தேன்கூடு' என்ற இன்னொரு திரட்டியை நடத்திய சாகரன் 2007 பிப்ரவரியில் இளம் வயதிலேயே இறந்தபோது, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் பதிவு பதிவாக அழுதார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து 'துளசிதளம்' எழுதும் துளசி கோபாலைப் பதிவுலகத்தில் எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு, பூனை, கோயில், பயணம் என்று எழுதுவார். பெரிய இலக்கியம் என்று அவரே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவர் பதிவில் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவது, ஊரில் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து வருவது போல.

நல்லதை மட்டும் சொன்னால் சரித்திரம் ஆகாது. பெயர் தெரியாமல் வரலாம் என்பது சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்கு முகமூடி. அடுத்தவர் பெயரில் போலியாக வந்து அசிங்கமாக எழுதினார்கள். சாதிச் சண்டை, கட்சிச் சண்டை. பெண்கள் வாய் திறந்து ஏதாவது கருத்துச் சொன்னால் அவர்கள் குடும்பத்தை இழுத்தார்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த சில பெண்கள் ஒருநாள் பதிவை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை. வந்த பின்னூட்டத்தைப் பதிவர் படித்துப் பார்த்துத்தான் வெளியிட வேண்டும் என்ற 'மட்டுறுத்தல்' அதனால்தான் வழக்கமானது. சுதந்திரம் போச்சு என்று அதற்கும் சண்டை போட்டார்கள். என்னைக் கேட்டால் வகுப்பறைக்குக் கதவு இருப்பது பிள்ளைகளைப் பூட்டி வைப்பதற்காக அல்ல. தெருநாய் உள்ளே வராமல் இருப்பதற்காக.

2006இல் தமிழ்மணத்தை அமெரிக்காவில் இருந்த தமிழ் மீடியா இன்டர்நேஷனல் என்ற அமைப்பிடம் காசி ஒப்படைத்தார். ஒரே ஆள் தன் கைக்காசும் தூக்கமும் போட்டு நடத்தக் கூடிய அளவைத் தாண்டி அது வளர்ந்துவிட்டது.

முகம் தெரியாமல் பழகியவர்களுக்கு முகம் பார்க்கும் ஆசை வந்தது. 2009 டிசம்பர் 20 ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் பதிவர் சங்கமம் நடந்தது. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போயிருக்கலாம். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் வருத்தம்தான். அடுத்த இரண்டு வருஷமும் ஈரோட்டுக்காரர்கள் விடாமல் நடத்தினார்கள். நடுவில் 2010 ஜூனில் நம் கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாடும் அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அது அரசாங்கத் திருவிழா. பதிவர் கூட்டமோ ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மண்டபம் பிடித்து, இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிற வகை. 2012லும் 2013லும் சென்னை, 2014 அக்டோபரில் மதுரை, 2015 அக்டோபர் 11இல் புதுக்கோட்டை.

புதுக்கோட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே முன்னால் நின்றவர் நா. முத்துநிலவன், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டிமன்றத்தில் பார்த்திருப்பீர்கள். அவரும் கணினித் தமிழ்ச் சங்கத்து நண்பர்களும், மாவட்டத்தில் கணினியைத் தொடவே பயந்த ஆசிரியர்களை உட்கார வைத்து, வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஆசிரியர்களே சேர்ந்துதான் அந்த விழாவை நடத்தினார்கள். உலகம் முழுவதும் தமிழில் எழுதும் பதிவர்களின் விவரங்களைத் தொகுத்து ஒரு கையேடும் வெளியிட்டார்கள். கனடாவில் மதி போட்டது போன்ற பட்டியல், பத்து வருஷம் கழித்துப் புதுக்கோட்டையில் புத்தகமாக.

அதற்குள் காற்று மாறிவிட்டது. எல்லோர் கையிலும் செல்போன். முகநூல் 2006 செப்டம்பரிலேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, நம் பக்கத்துக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. நான்கு வரி எழுதினால் போதும், உடனே நாற்பது விருப்பம். பிறகு யார் ஆயிரம் சொல் எழுதி ஒரு பின்னூட்டத்துக்குக் காத்திருப்பார்கள்? 2013 ஜூலையில் கூகுள் தன் 'ரீடரை' நிறுத்தியது. பிடித்த பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கும் வசதி பலருக்கு அதோடு போயிற்று. யாகூ 2009 அக்டோபரில் 'ஜியோசிட்டிஸை' மூடியது, 2020 டிசம்பர் 15இல் குழுமங்களையும் மூடிவிட்டது. அத்தனை வருஷம் பேசிய பேச்சு, பத்திரப்படுத்தாதவர்களுக்குப் போனது போனதுதான். தமிழ்மணமும் பழைய வேகத்தை இழந்தது. ஞானியின் 'நிகழ்' இதழ்களாவது யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும்.

இனி அந்தப் பெண்ணுக்கு.

கண்ணு, நான் படித்துப் பார்த்தவரை, எந்த இடத்திலும் கூட்டம் தானாக வந்து நின்றதில்லை. யாரோ ஒருவர் முதலில் அடுத்தவர் எழுதியதைத் தேடிப் போயிருக்கிறார். ஞானி போனார், மதி போனார், காசி போனார். நீ பதினோரு பதிவு எழுதியிருக்கிறாய், சரி. இதே மாதிரிப் பிள்ளை வைத்திருக்கிற இன்னொரு அம்மா எழுதியதை நீ எத்தனை படித்தாய், எத்தனை பேருக்கு நின்று பதில் எழுதினாய்? திட்டுவதாக நினைக்காதே. மெல்போர்ன்காரருக்கு நான்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் பதில் எழுதினேன். அவர் அதைப் பார்த்தாரா என்றே தெரியாது. இன்னொன்று, பையன் போட்டோவும் பெயரும் போடாதே. அவன் பெரியவனானால் அவனுக்கு ஒரு சம்மதம் உண்டு. எழுதியதையெல்லாம் ஒரு பிரதி எடுத்து வீட்டிலும் வைத்துக்கொள். கம்பெனிக்காரர்கள் எந்த நாளில் கடையைச் சாத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மோசமாக எழுதுகிறவனுக்குப் பதில் சொல்லாதே, எடுத்துவிடு.

மற்றவர்களுக்கு: உங்களில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இரண்டு பேர் இருப்பது எனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒருத்தி திருப்பூரில் இருக்கிறாள். வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிறவர்களும் இருப்பீர்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். அவள் எழுதும் இடம் எது என்று இங்கே பொதுவில் போட மாட்டேன். வேண்டுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. படித்துவிட்டுக் கை கூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. இரண்டு வரியாவது உங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பிழை இருந்தால் பரவாயில்லை, இந்த ஒரு தடவை நான் திருத்த மாட்டேன்.